மூச்சு வாங்காமல் ஒரு சண்டை

எனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று கொழும்பில் சொல்லி அனுப்பிய மறுநாளே, மன்னார் கீரியில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமும் கொண்டு வந்தார்கள். வந்து உட்கார்ந்து, வாங்கப் போகிற மாட்டைப் பார்ப்பதுபோல என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். மெலிந்துவிட்டேனா இல்லையா என்று என் முன்னாலேயே வாதாடினார்கள். ஒருத்தி, சிகரெட் குடிக்காத பொம்பிளைக்கு இந்த வருத்தம் வராதே என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டு, நான் இரகசியமாகக் குடித்திருப்பேனோ என்று என் உதட்டை ஆராய்ந்தாள்.

நான் முன்பள்ளி ஆசிரியை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்திலும் அதே வேலைதான், ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அதே வேலைதான். புகை என்று நான் குடித்ததெல்லாம் முகாமின் விறகடுப்புப் புகை. என் கணவர் மீசை முளைத்த நாளில் இருந்து பீடி குடித்து வந்தவர். இன்றைக்கும் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துவிட்டு, மூச்சு வாங்காமல் நின்று கடலைப் பார்ப்பார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. வந்த விருந்தாளிகள் அவருக்குத்தான் அனுதாபம் சொன்னார்கள்.

எல்லோரும் ஒரே ஆலோசனையைத்தான் தந்தார்கள். "படுங்கோ. எழும்பாதேங்கோ. ஒரு வேலையும் செய்யாதேங்கோ."

கொழும்பில் சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னதோ இதற்கு நேர்மாறு. இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் மிச்சத்துக்கு வேலை செய்யும் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, என்னை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறச் சொன்னார். முதலாவது வளைவிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தமிழ் தெரிந்த நேர்ஸ் ஒருத்தி அவர் சொன்னதை எனக்குச் சொன்னாள்: "இப்ப வெட்டினால் மேசையில இருந்து எழும்புவீங்களாம். கட்டில்ல இருந்து எழும்ப மாட்டீங்களாம். சில கிழமை பயிற்சி செய்துபோட்டு வாங்கோ எண்டு சொல்றார்."

பயிற்சி! வாழ்க்கை முழுவதும் தண்ணீர் சுமந்தவள் நான். முகாமில் குழாயடியில் இருந்து எங்கள் கொட்டில் வரை குடத்தோடு நடந்ததை யாராவது அளந்து பார்த்தால் இந்தியாவையே சுற்றி வந்த தூரம் இருக்கும். என்னிடம் நடக்கப் பழகு என்கிறார்கள்.

அடுத்த அறையில் இருந்த உடற்பயிற்சி மிஸ் ஒரு சின்னப் பெண். வெள்ளைச் சட்டை, கன்வஸ் சப்பாத்து, முகத்தில் ஒரு மாறாத சிரிப்பு. சிங்களத்தி, தமிழ் கொஞ்சம் பேசுவாள். பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை என் கையில் தந்தாள். அதற்குள் மூன்று நிறத்தில் மூன்று பந்துகள். குழாயில் வாயை வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே எழும்பும். என் முன்பள்ளியில் இப்படி ஒரு விளையாட்டுச் சாமானைக் கொண்டுபோய் வைத்தால் பிள்ளைகள் ஒரு தரம் பார்த்துவிட்டு மண்ணில் விளையாடப் போய்விடுவார்கள். நான் இழுத்தேன். ஒரு பந்து சோம்பேறித்தனமாக அசைந்தது. மற்ற இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தன.

"அம்மா, நடக்க வேணும். படி ஏற வேணும்," என்றாள் மிஸ். "ஏறும்போது கதைக்க ஏல வேணும். பாட்டு வேணாம். கதை போதும். கதைக்க ஏலாட்டி, கூட வேகம். சரியா? வீட்டுக்குள்ள புகை வேணாம்."

ஊருக்கு வந்து நடக்கத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் காரணம் இல்லாமல் நடக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. கடைக்கு நடப்பார்கள், கோயிலுக்கு நடப்பார்கள், கந்தோர் வேலைக்கு நடப்பார்கள். தாராபுரம் பக்கம் போகும் வீதியில் காலையில் வெறுங்கையோடு போனால் ஒவ்வொரு வேலிப் படலையிலும் ஒரு தலை நீளும். "எங்க போறியள்?" "ஓரிடமும் இல்லை." "அப்ப ஏன் போறியள்?" "திரும்பி வாறதுக்கு." என் வருத்தம் தலைக்கு ஏறிவிட்டது என்று ஊருக்குள் கதை வந்தது. வீதியில் நின்ற கழுதைகள் மட்டும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

நடை சரி. படிக்கு எங்கே போவது? மன்னார்த் தீவு தட்டையாகத் தட்டிப் போட்ட ரொட்டி. வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டின் வாசலில் ஏறி இறங்க ஒரே ஒரு படி. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாடகர் மேடைக்கு ஒரு மரப்படி இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சங்கித்தாரிடம் கேட்டேன். ஆண்டவருடைய சந்நிதியில் ஒரு பொம்பிளை சும்மா ஏறி ஏறி இறங்குவதைச் சனம் எப்படிப் பார்க்கும் என்று கேட்டார். சனம் எப்படிப் பார்க்கும் என்று கவலைப்பட்டே அந்த மனிதர் கிழவராகிவிட்டார்.

மிஞ்சியது ஒரே படிக்கட்டு. சுவிசில் இருக்கும் என் கணவரின் தம்பி, சனமெல்லாம் திரும்பி வந்து குடியேறுகிறது என்று கேள்விப்பட்டு, தானும் ஒருநாள் வரக்கூடும் என்று கடற்கரைப் பக்கமாக மாடிவீடு கட்டத் தொடங்கியிருந்தார். சுவரும் மேல்தளமும் எழும்பி, பூச்சு இல்லாமல் நின்றது. வாசல் பூட்டின் திறப்பு என் மச்சாளிடம் இருந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. நேரில் நான் அவளை 'நீங்கள்' என்றுதான் சொல்வேன். மனதுக்குள் எப்போதும் 'அவள்'தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாட்டில் சண்டை தொடங்கியபோது நாங்கள் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனோம். அவள் கலியாணம் கட்டாமல் தாயோடு இங்கேயே இருந்தாள். திரும்பி வந்தபோது எங்கள் பழைய வீட்டின் இடத்தில் உடைமரம் முளைத்திருந்தது. எங்கள் வாசல் கதவு அவளுடைய குசினியில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல தேக்குக் கதவு, என் தகப்பன் சீதனத்தோடு செய்து தந்தது. அதை நான் பார்த்ததை அவள் பார்த்தாள். அன்றில் இருந்து அவளுக்கு நான் ஓடிப்போனவள். எனக்கு அவள் கள்ளி.

அந்தப் படியில் ஏற விடுவாளா என்று கணவர் போய்க் கேட்டார். அவள் சொன்ன பதிலை அப்படியே கொண்டு வந்து சொல்ல அவருக்கு வெட்கம். நான் வற்புறுத்திச் சொல்லவைத்தேன்.

"வரட்டாம். விழுந்தால் தான் தூக்க மாட்டாவாம்."

முதல் நாள் போனபோது அவள் படியடியில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டுக்கொண்டு வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தாள், நாடகம் பார்க்க வந்தவள்போல. படிக்குக் கைப்பிடி இல்லை. பச்சைச் சீமெந்து, ஓரத்தில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சுவரோடு ஒட்டி ஏறினேன். பாதியில் நெஞ்சு அடைத்தது.

"இந்தியாவில முகாமில இருந்து, சும்மா குடுத்த அரிசியைத் திண்டு திண்டு, ஏறக்கூட மூச்சில்லாமப் போச்சு," என்று கீழே இருந்து அவள் சொன்னாள்.

எனக்குப் பதில் தயாராக இருந்தது. நல்ல பதில். அதில் அவளுடைய குசினியும் இருந்தது. ஆனால் அதை வெளியே தள்ளக் காற்று இல்லை. வாயைத் திறந்தால் நாய் இளைப்பதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. இறங்கி, உட்கார்ந்து, மூச்சுத் திரும்புவதற்குள் அவள் கோழிக்குத் தீன் போடப் போய்விட்டாள். பிந்திச் சொல்லும் பதிலால் ஒரு பிரயோசனமும் இல்லை. அன்று முழுவதும் அந்தப் பதில் என் வாய்க்குள் புளித்துக்கொண்டு கிடந்தது.

மறுநாளும் போனேன். என் உயிருக்காகப் போனேன் என்று சொன்னால் அது பொய். அவளுக்குப் பதில் சொல்லத்தான் போனேன்.

முதலில், நான் கீழே நிற்கும்போதே திட்டத் தொடங்கி, மூன்றாம் நாலாம் படியோடு நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு பாதிவரை போனது. மிஸ் சொன்ன கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது. வசனம் உடையாமல் வந்தால் வேகம் சரி. உடைந்தால் நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி, அடுத்த வசனத்தோடு ஏற வேண்டும். அவளும் விடவில்லை. நான் நிற்கும் இடம் பார்த்துத்தான் கல்லெறிவாள்.

"என்ன, நிண்டுட்டாய்? சொல்ல வந்ததைச் சொல்லன்."

"சொல்லுறன்... பொறுங்கோ."

"எனக்கென்ன, நான் பொறுப்பன். உனக்குத்தான் நேரமில்லை."

இப்படி ஒரு வருத்தக்காரியிடம் யாராவது பேசுவார்களா? வீட்டுக்கு வந்த ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் என்னோடு செத்த வீட்டுக் குரலில்தான் பேசினார்கள். அந்தக் குரலைக் கேட்டால் எனக்குச் சாகலாம்போல வரும். இவள் குரலைக் கேட்டால் இவளுக்கு முன்னால் சாகக்கூடாது என்று வரும்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்த மச்சாள் உள்ளே பீடி மணத்தைப் பிடித்துவிட்டாள். கணவர் வள்ளத்துக்குப் பின்னால் ஒளித்துக் குடித்துவிட்டு, சட்டையோடு மணத்தையும் கொண்டு வருவார். எத்தனை தரம் சொல்லியும் கேட்காத மனிதர். அவள் முற்றத்தில் நின்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்: "டேய், இவள் செத்தால் உனக்கு ஆர் சமைக்கிறது? நானோ? எனக்கு வேற வேலை இல்லையோ?" அவர் அன்றோடு பீடியை விட்டார். என் கண்ணீருக்கு விடாதவர், அக்காவின் சோற்றுக்குப் பயந்து அதை விட்டார். அவரை நினைத்து நான் பெருமைப்படவில்லை.

கொழும்புக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தச் சண்டை வந்தது. நான் முதல் படியில் கால் வைக்கும்போதே கேட்டேன்.

"என்ர கதவைக் கழட்டினது ஆர்?"

அவள் வெற்றிலையைத் துப்பினாள். "இவ்வளவு நாளும் இதைக் கேக்கத்தானே ஏறினனீ? கேள். நான்தான் கழட்டினனான். கூரை விழுந்து கிடந்தது. விட்டிருந்தால் கறையான் திண்டிருக்கும்."

"கறையான் திண்டிருந்தால் கறையானோட நான் பேசியிருப்பன். கூடப் பிறந்த தம்பியின்ர வீட்டில கை வைக்க உங்களுக்கு மனம் எப்படி வந்தது? என்ர அப்பா செய்து தந்த கதவு. நிலையோட பிடுங்கியிருக்கிறியள். ஒரு கடிதம் போட்டுக் கேட்டியளோ? ஒரு சொல் சொல்லி அனுப்பினியளோ?" ஏறிக்கொண்டே சொன்னேன். வளைவு தாண்டியது. கம்பி நீட்டிய இடம் தாண்டியது. மேல்தளத்தில் நின்று கடைசி வசனத்தைச் சொன்னேன், மூச்சு வாங்காமல்.

அவள் கதிரையில் இருந்து எழும்பி அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்கள் வள்ளம் ஏறிட்டியள். நானும் அம்மாவும் இங்க இருந்தம். ஆமிக்காரன் சுத்திவளைப்பு எண்டு வந்து தட்டேக்க எங்கட வீட்டில கதவெண்டு கிடந்தது வெறும் ஓலைக் கிடுகு. கிடுகுக்குப் பின்னால இருந்து பார்த்தனியோ நீ? உன்ர கதவைக் கொண்டு வந்து போட்ட பிறகுதான் அம்மா நித்திரை கொண்டவ. செத்ததும் அந்தக் கதவுக்குப் பின்னாலதான். இப்ப என்ன, கழட்டித் தரட்டோ?"

கடல் காற்று மேல்தளத்தில் சேலையைப் பிடுங்கியது. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. எவ்வளவு காற்று வேண்டுமானாலும் இருந்தது.

"வேண்டாம்," என்று மட்டும் இறங்கி வந்து சொன்னேன். அவளை மன்னித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலையோடு பிடுங்கத் தேவையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கொழும்பில் மறுபடியும் படி ஏறவைத்தார்கள். ஏறினேன். மேலே போய் நின்று, இந்தப் படி எங்கள் ஊர்ப் படியைவிடச் சின்னது என்று நிபுணரிடம் சொன்னேன். நேர்ஸ் மொழிபெயர்க்காமல் சிரித்தாள். வெட்டுவதற்கு நாள் குறித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டில் கணவரைத் தங்க விடமாட்டார்கள். என் மகள் சென்னையில் கலியாணம் கட்டி, பிறந்த குழந்தையோடு இருந்தாள். மச்சாள் ஒரு பையோடு வந்து இறங்கினாள். "வேற ஒருத்தரும் இல்லை எண்டு கேட்டதால வந்தனான்," என்றாள், நான் ஏதும் நினைத்துவிடக்கூடாது என்று.

வெட்டிய பிறகு இருந்த நோவைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் இருக்கலாம். அதில் அழகு ஒன்றும் இல்லை. விலாவில் யாரோ கத்தியை வைத்துவிட்டு மறந்து போனதுபோல இருந்தது. பக்கத்தில் குழாய் ஒன்று செருகி, அதன் மறுமுனை தரையில் ஒரு போத்தலுக்குள் போனது. போத்தலில் சிவப்பாகத் தண்ணீர் வடிந்தது. மறுநாள் காலையே அந்த உடற்பயிற்சி மிஸ் அதே சிரிப்போடு வந்து நின்றாள்.

"அம்மா, எழும்புவம்."

உலகத்தில் நான் யாரையும் அப்படி வெறுத்ததில்லை. கதிரையில் இருத்தினாள். தலையணையை வெட்டின பக்கத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து இருமச் சொன்னாள். ஒவ்வொரு இருமலுக்கும் உயிர் போய் வந்தது. சளி வரும்வரை அவள் விடவில்லை. வந்ததும் "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று சிங்களத்தில் மெச்சி, நான் பரிசு வாங்கியதுபோலக் கை தட்டினாள். பிறகு போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு வாட்டின் கோடிவரை நடக்கவைத்தாள்.

மச்சாளுக்குச் சிங்களம் தெரியும். சண்டைக் காலத்தில் ஊரில் சோதனைச்சாவடியில் நின்று நின்று பழகிய சிங்களம். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். இப்போது மிஸ் அவளிடம் ஏதோ சொல்ல, அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"நீ சோம்பேறியாம். பக்கத்து வாட்டுக் கிழவி உன்னைவிட நல்லா நடக்கிறாவாம்."

"அவ சொன்னது ரெண்டு சொல்லு," என்றேன், போத்தலைப் பிடித்துக்கொண்டு. "நீங்கள் சொன்னது... ஒரு பந்தி."

"சிங்களத்தில சுருக்கமாச் சொல்லுவினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. சிரிக்காதே என்று அவள் அதட்டினாள், சிரிக்கவைத்தவளே அவள்.

எதிர்க் கட்டிலில் மலைநாட்டில் இருந்து வந்த ஒரு பெண்ணுக்கும் அதே வெட்டுத்தான். அவளைச் சுற்றி எப்போதும் மூன்று நாலு பேர். மிஸ் எழுப்ப வந்தால், பாவம் நோகுது, நாளைக்குப் பார்ப்போம் என்று கெஞ்சி அனுப்பிவிடுவார்கள். இருமவும் விடமாட்டார்கள். முதுகைத் தடவிப் படுக்கவைப்பார்கள். காய்ச்சல் வந்தது. நெஞ்சுக்குள் சளி கட்டிவிட்டது. ஒரு மத்தியானம் மூச்சு இழுக்க இழுக்க அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு தேறி வந்தாள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சொந்தக்காரர்களின் அன்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கை பரபரக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். அதே செருப்புகள் அதே வாசலுக்கு வந்தன. அதே தோடம்பழம். "படுங்கோ." இடது கையைத் தூக்கினால் தையல் பிரிந்து நுரையீரல் வெளியே வந்துவிடும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். அவர் கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தவர். நான் அவர் முன்னாலேயே சுவரோரம் போய் நின்று, மிஸ் காட்டித் தந்தபடி விரல்களைச் சிலந்திபோல ஊர்ந்து ஊர்ந்து மேலே கொண்டு போனேன். தோள் கத்தியது. நுரையீரல் ஒன்றும் வெளியே வரவில்லை. அவர் தேநீரை முடிக்காமல் போய்விட்டார்.

படிக்கட்டுக்கும் திரும்பிப் போனேன். பழையபடி மூன்றாம் நாலாம் படியில் வசனம் உடைந்தது. கட்டி எழுப்பியதெல்லாம் விழுந்துவிட்டதுபோல இருந்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மச்சாள் ஆறுதல் சொல்ல வரவில்லை. கதிரையில் இருந்தபடியே, "அழுறதுக்கு மூச்சு இருக்கு, ஏறுறதுக்கு இல்லையோ?" என்றாள். சோளகக் காற்று வீசி முடிவதற்குள் மேல்தளத்துக்குத் திரும்பிவிட்டேன். முன்பள்ளிக்கும் போகத் தொடங்கினேன். சோதனைக்கு எடுத்த படங்கள் இதுவரை சுத்தம். அடுத்த படம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு கணவரின் தம்பி மனைவியோடு சுவிசில் இருந்து வந்து இறங்கினார். வீட்டுக்குப் பூச்சுப் பூசி, மாபிள் பதித்து, படிக்குப் பளபளக்கும் கைப்பிடி போட்டார். ஆள் உயரத்துக்கு மதில் எழும்பியது. புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போனபோது அவருடைய மனைவி படியின் குறுக்கே நின்று, மேலே இன்னும் ஒழுங்குபடுத்தவில்லை என்றாள். அவர் என்னிடம் கனிவாகச் சொன்னார்: "அண்ணி, நீங்கள் இனி ரெஸ்ட் எடுக்கவேணும். இந்தப் படியில வழுக்கி விழுந்தால் எங்களுக்கெல்லோ கெட்ட பேர்." மச்சாளிடம் திறப்பை வாங்கிக்கொண்டார். விருந்தில் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. பின்பக்கம் பாத்திரம் கழுவ ஆள் போதவில்லை என்று அந்த மனைவி அவளைப் பார்த்துச் சொன்னாள். கழுவினாள். என்னைப்போல அவளுக்கு ஓடத் தெரியாது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் காலை நடக்கப் போனபோது அவள் அந்தப் புது மதிலுக்கு வெளியே நின்று, கேற்றுக்குப் போட்டிருந்த பெரிய பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரையும் உள்ளே போய்விட்டது.

"என்ன நிக்கிறியள்? வாங்கோ, நடப்பம்."

"எனக்கென்ன வருத்தம், நான் நடக்க?"

"வருத்தம் இல்லாட்டியும் நடக்கலாம். வாங்கோ."

முறைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். மணலில் அவளுக்குச் சரியாக நடக்க வரவில்லை, இளைத்தாள். நான் அவளுக்காக வேகத்தைக் குறைத்தேன் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சத் தூரம் குறைக்கவில்லை. பிறகு குறைத்தேன். கரைவலை இழுக்கும் இடம் வரையும் அவளுடைய தம்பியைத் திட்டிக்கொண்டு போனோம். திரும்பி வரும் வழியெல்லாம் அவருடைய மனைவியைத் திட்டினோம்.